பகலில் பழகினால் கனவில் விழிக்கலாமா?

காண்பது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிடுவதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். பகலில் அடிக்கடி உள்ளங்கையைப் பார்த்து 'இது கனவா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், இரவில் அது தானாக வரும் என்ற நம்பிக்கை இன்று இளைஞர்களிடம் பரவியிருக்கிறது.

பகல் பயிற்சி வீண் இல்லை. அது மட்டும் போதும் என்பதுதான் தவறு. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனையை மட்டும் செய்தவர்களுக்குச் சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. இன்னொரு குழுவினர் பகல் சோதனையோடு, ஐந்து மணி நேரம் தூங்கியபின் எழுந்து, 'அடுத்த கனவில் இது கனவென்று எனக்கு நினைவு வரும்' என்று மனதில் பதித்துக்கொண்டு மறுபடி படுத்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி 17 சதவீதம். பதித்துக்கொண்ட ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போனவர்களுக்கு அது 46 சதவீதம் வரை போனது.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. மந்திரம்போல் முணுமுணுத்தால் கனவிலும் அப்படியே முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவோம். விழுப்புரம் பஸ் நிலையத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செய்து பாருங்கள். பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படியுங்கள், முகத்தைத் திருப்புங்கள், மறுபடி படியுங்கள். கனவில் பெரும்பாலும் எழுத்து மாறிவிடும். பிறகு, 'நான் இங்கே எப்படி வந்தேன்?' என்று பின்னோக்கி யோசியுங்கள். விழித்திருப்பவருக்கு வீடு, தெரு, ஏறிய ஆட்டோ எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். கனவில் அந்த வரிசை இருக்காது. என் கணிப்பில் இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் வலுவானது.

கனவா நனவா என்று கிள்ளிப் பார்ப்பதை நம்பாதீர்கள், கனவிலும் வலிக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பது அதைவிட நல்ல சோதனை. கனவில் மூச்சு தடையில்லாமல் போகும்.

இதெல்லாம் வெறும் கற்பனை என்பவர்களுக்கு 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகம் பதில் சொல்லிவிட்டது. முன்பே பேசிவைத்தபடி, ஆலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள்ளிருந்து கண்ணை இடமும் வலமும் அசைத்துக் காட்ட, கீத் ஹேர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார்.

இது வெளிநாட்டுப் பழக்கம் என்றும் ஒதுக்க வேண்டாம். 1910 முதல் 1950 வரை பாண்டிச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர், உறக்கத்திலும் விழிப்புணர்வைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்று எழுதியிருக்கிறார். விழித்ததும் உடலை அசைக்காமல் படுத்திருந்து கனவைத் திரும்பப் பிடிக்கச் சொன்னவர் ஸ்ரீ அன்னை. அவர் 1968இல் தொடங்கிவைத்த ஆரோவில்லின் பெரும்பகுதி நம் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. கனவு நினைவில் நிற்காதவருக்கு லூசிட் ட்ரீம் வந்தாலும் காலையில் தெரியாது. ஆகவே இந்த அசையாமல் கிடக்கும் பழக்கத்தைத்தான் முதலில் பழக வேண்டும்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த நேரத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கனவு செறிந்த ரெம் உறக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும்; இரவின் கடைசிப் பகுதியில் நீண்டுகொண்டே போகும். ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு எழச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அது விலகுமுன் மனம் விழித்துக்கொண்டால் கையைக் காலை அசைக்க முடியாது, நெஞ்சு அழுத்துவதுபோல் இருக்கும். மெத்தையில் படுத்தவருக்கும் இது வரும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகிவிடும். இரவில் எழுந்து படுக்கும் இந்தப் பயிற்சியில் அது சிலருக்கு நேரலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் குறையும்.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். காலையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் நடு இரவில் அலாரம் வைக்கக் கூடாது. மேல்மலையனூரில் அமாவாசை ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு விடிய விடிய பஸ்ஸில் திரும்பியவர்களும் அடுத்த இரவு அலாரம் வைக்காமல் முழுசாகத் தூங்கட்டும்.