மலை இறங்கும் முன்: பழைய ஜீப்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று நம்ம மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் கண்ணில் படாமல் இருக்காது. மாந்தோப்பு ஓரமா நிக்கும், இல்லைன்னா மலையடிவாரத்தில் மூட்டை ஏத்திக்கிட்டு நிக்கும். உங்க வீட்டிலோ மாமா வீட்டிலோ அப்படி ஒண்ணு இருந்து, "லீவுல அதை ரெடி பண்ணிடலாம்"னு மனசுக்குள்ள ஒரு திட்டம் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஜீப்னு நாம பொதுவா சொன்னாலும் அது பல வண்டி. 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்து மும்பையில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு சிஜே 3பி, சிஜே 500, எம்எம் 540, கமாண்டர், மேஜர் என்று பல பெயர்களில் விட்டது. இன்ஜினும் பாடியும் மாறிக்கொண்டே வந்தாலும் எலும்புக்கூடு ஒண்ணுதான்: ஏணி மாதிரி ஒரு சேஸிஸ், நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், முன்னும் பின்னும் கெட்டி ஆக்ஸில், நடுவில் டிரான்ஸ்பர் கேஸ். சென்சார் கிடையாது, ஸ்கேனர் வேண்டாம். ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசி வேலை வீட்டு வாசலிலேயே முடியும்.

ஆனா ஆரம்பிக்கிற இடத்தில்தான் நம்ம பசங்க தப்பு பண்றாங்க. முதல் செலவு பெரிய டயர், ரெண்டாவது செலவு எல்இடி பார் லைட், மூணாவது சைலன்சர். வண்டி நிக்குமா, நேராப் போகுமா என்கிற கேள்வி கடைசியில் வரும். வத்தல்மலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்கா வரும் பாதையில் இறங்கும்போது அந்த வரிசை உயிர் விஷயம். அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறேன்.

பிரேக்குக்குப் போகும் முன்னாடி ஜாக்கியைப் பத்திப் பேசணும். போன வருஷம் எங்க வீட்டு வாசல்ல, பின் சக்கரம் ஒண்ணை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது, நல்லாவே இழுத்திருந்தது. வாசல் லேசான சரிவு. நான் வீல் நட்டைத் திருப்பின அழுத்தத்தில் வண்டி மெதுவா முன்னால நகர்ந்து ஜாக்கியை விட்டு இறங்கிருச்சு. கால் வெளியே இருந்ததால் தப்பிச்சேன். அப்பா திட்டினது தனிக்கதை.

ஹேண்ட் பிரேக்கில் பழுது ஒண்ணும் இல்லை. பல பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்க. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் சின்னதா ஒரு டிரம் இருந்தால், அது பிடிப்பது புரொப்பல்லர் ஷாஃப்டை. டிஃபரன்ஷியல் பாடத்தில் படிச்சது ஞாபகம் இருக்கா? இடது, வலது சக்கர வேகங்களின் கூட்டுத்தொகை, கிரௌன் வீல் வேகத்தைப் போல் ரெண்டு மடங்கு. ஷாஃப்ட் நின்னால் கிரௌன் வீல் வேகம் பூஜ்யம். கூட்டுத்தொகை பூஜ்யமாகணும்னா ரெண்டு சக்கரமும் நிக்கணும்னு கட்டாயம் இல்லை. ஒண்ணு முன்னால சுத்தினா இன்னொண்ணு அதே வேகத்தில் பின்னால சுத்தினாலும் போதும். தரையில் இருக்கிற சக்கரம் உருள, தூக்கின சக்கரம் எதிர்த்திசையில் காத்துல சுத்த, வண்டி நகர்ந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். பரீட்சையில் அந்தச் சமன்பாட்டை எழுதி மார்க் வாங்கின எனக்கு, வாசல்ல நிக்கும்போது அது தோணவே இல்லை.

அதனால் சமதளத்தில் மட்டும் தூக்குங்க. தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ பெரிய கல்லோ வையுங்க. அடியில் போகிற வேலை என்றால் ஜாக்கியை நம்பாம சேஸிஸுக்கோ ஆக்ஸிலுக்கோ ஸ்டாண்ட் கொடுங்க. செங்கல் அடுக்கை ஸ்டாண்டாக வைக்க வேண்டாம், அது உடையும்போது சொல்லிட்டு உடையாது.

இப்ப பிரேக். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 1,800 கிலோ. மலையில் 600 மீட்டர் உயரம் இறங்குறோம்னு வைச்சுக்குவோம். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினால் சுமார் 1 கோடியே 6 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கிற 36 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம் அது. அவ்வளவையும் பிரேக்கே வாங்கி, நாலு டிரம்மும் சேர்ந்து 32 கிலோ இரும்பு இருந்து, காத்துக்கு எதுவுமே போகலைன்னா டிரம்மின் சூடு 700 டிகிரிக்கு மேல ஏறும். நிஜத்தில் காத்தும் இன்ஜினும் உருளும் தடையும் பெரும் பங்கை வாங்கிக்கொள்வதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனா இன்ஜினின் பங்கை நீங்க விட்டுக்கொடுத்தால் மீதி எங்கே போகும் என்று இந்தக் கணக்கு காட்டுகிறது.

தொப்பூர் கணவாயில் லாரிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது விபத்துக் காரணங்களில் ஒன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஜீப்பிலும் அந்தப் பழக்கம் உண்டு. அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி மேனிஃபோல்டில் வேக்குவம் கிடைக்காது. பிரேக் பூஸ்டர் உள்ள டீசல் ஜீப்பில் அதுக்குத் தனி வேக்குவம் பம்ப் ஓடணும். இன்ஜினை அணைச்சுட்டு உருட்டினால், ரெண்டு மூணு மிதிக்குப் பிறகு பெடல் கல்லு மாதிரி ஆகிடும். எந்த கியரில் ஏறினீங்களோ அந்த கியரிலேயே இறங்குங்க என்று பழைய டிரைவர்கள் சொல்றதை மாற்றத் தேவையில்லை. தார் ரோட்டில் ஃபோர் வீல் மட்டும் போடாதீங்க. இந்த வண்டிகளில் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் ஓடும். அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் ஷாஃப்டை முறுக்கும்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் இருக்கணும். ஈரம் ஏறின பிறகு 140 போதும் என்கிறது தரநிலை. டாட் 4-க்கு அது 230, 155. இறக்கத்தில் டிரம் சூடாகி வீல் சிலிண்டரில் இருக்கிற ஆயில் கொதித்தால் குமிழி வரும். திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. நிறுத்தி வைத்தே இருக்கிற ஜீப்பில் ஆயில் பல வருஷமா மாத்தாமல் கிடக்கும். கறுத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். வெளுப்பா இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க.

மாத்துவது ரெண்டு பேர் வேலை. ஒருத்தர் பெடலை மெதுவா மிதிச்சுப் பிடிக்க, இன்னொருத்தர் பிளீடர் நிப்பிளைத் திறந்து காத்தை விட்டு மூடணும். மூடின பிறகுதான் பெடலை விடணும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பிங்க: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நடுவில் டப்பாவில் ஆயில் தீர்ந்தால் மறுபடியும் முதலில் இருந்து.

டிரம்மைக் கழற்றினதும் உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதாதீங்க, கம்ப்ரஸரும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைச்சு, துணியைக் கவரில் கட்டிப் போட்டுருங்க. ஷூ தேய்மானம், டிரம்மில் கோடு, வீல் சிலிண்டர் ரப்பர் மூடிக்குக் கீழே கசிவு, இந்த மூணும்தான் பார்க்கணும். ரப்பர் மூடியை லேசா நகர்த்திப் பாருங்க, உள்ளே ஈரம் இருந்தால் கிட் மாத்தியே ஆகணும். இங்கே நம்ம ஊர் பட்டறைகளில் நான் பார்த்த ஒரு கெட்ட பழக்கம்: பிரேக் பாகங்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவுவது. பெட்ரோலியம் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் பெருக்கும். அன்னைக்கு நல்லா வேலை செய்யும், ஒரு மாசத்தில் பிஸ்டன் இறுகி நிக்கும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவுங்க.

அட்ஜஸ்ட் பண்ணும்போது சக்கரத்தைக் கையால் சுத்திக்கிட்டே, ஷூ உரசி இறுகும் வரை திருப்பி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுத்தும் அளவுக்குத் திருப்பி விடணும். நாலு பக்கமும் ஒரே மாதிரி வரலைன்னா பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். மண் ரோட்டில் தெரியாது, மழையில் தெரியும்.

ஸ்டீரிங்குக்கு வருவோம். 50, 60 வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரங்கள் ரெண்டும் வெறி பிடிச்ச மாதிரி ஆடுதா? எல்லாரும் முதலில் ஸ்டீரிங் டாம்பர் வாங்கிப் போடுவாங்க. அது வலி மாத்திரை. டை ராட் எண்டு, கிங் பின் பேரிங், வீல் பேரிங், ஸ்பிரிங் புஷ், இந்த நாலில் எங்கேயோ ஆட்டம் இருக்கு. முன் ஆக்ஸிலைத் தூக்கி, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டுங்க; ஒரு நண்பர் பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கட்டும். மிதிச்சதும் ஆட்டம் நின்னால் வீல் பேரிங், நிக்கலைன்னா கிங் பின். கிங் பின்னில் ஷிம் குறைத்து இறுக்கும்போது கண்ணளவு வேண்டாம், மேனுவலில் உங்க மாடலுக்குச் சொன்ன இழுவிசையை ஸ்பிரிங் தராசு வைத்துப் பாருங்க. நம்ம கல்லூரி லேபில் தூங்கிக்கிட்டு இருக்கிற தராசுக்கு அது நல்ல வேலை.

கிரீஸ், ஆயில் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீரில் இறக்கினால் அன்னைக்கே கிரீஸ் கன்னை எடுங்க, அவ்வளவுதான்.

சரி, அப்கிரேடு. பெரிய டயர் ஆசையை முதலில் கணக்கில் வைத்துப் பார்ப்போம். பழைய 6.00-16 டயரின் விட்டம் சுமார் 28.5 அங்குலம். 33 அங்குலம் போட்டால் ஆரம் 16 சதவீதம் கூடும். டிரம் கொடுக்கிற டார்க் அதேதான். ரோட்டில் கிடைக்கிற பிரேக் விசை டார்க்கை ஆரத்தால் வகுத்தது. ஆக, அதே மிதிக்கு பிரேக் சுமார் 14 சதவீதம் குறையும். கியர் விகிதமும் உயர்ந்து, இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு அதே அளவு போயிடும். ஏற்றத்தில் இன்ஜின் முக்குறதைப் பத்தி நான் சொல்லவே வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். பதினைந்து வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆய்வாளர் முன்னாடி நிறுத்தும்போது கேள்வி வரும். இன்ஷூரன்ஸ் கிளைம் பண்ணும்போதும் வரும்.

அப்ப என்னதான் பண்ணலாம்? என் ஓட்டு ரெண்டுக்கு. முதல் ஓட்டு ஹெட்லைட் ரிலே. பழைய ஜீப்பில் விளக்குக்கான மின்சாரம் முழுக்க டாஷ்போர்டு சுவிட்ச் வழியா சுத்திப் போகும். நைந்த வயரில் பத்து சதவீத வோல்ட் விழுந்தால் பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியா நேரா ஒரு தடிமனான வயர் இழுத்து, பழைய சுவிட்ச்சை ரிலேவை இயக்க மட்டும் வைத்துக்கொண்டால் அதே பல்பு வேற பல்பு மாதிரி எரியும். ரெண்டு ரிலே, கொஞ்சம் வயர், ஒரு மதிய நேரம்.

ரெண்டாவது ஓட்டு பெரிய வேலைக்கு. ரொம்பப் பழைய ஜீப்களில் பிரேக் சுற்று ஒண்ணே ஒண்ணு. எந்த ஒரு குழாய் உடைந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியா அழுத்தம் அனுப்பும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட்டால் ஒண்ணு போனாலும் ஒண்ணு மிஞ்சும். ஆனா கைக்குக் கிடைத்ததைப் பூட்டக் கூடாது. ஒரு அங்குல போர் இருந்த இடத்தில் முக்காலே அரைக்கால், அதாவது ஏழு பங்கு எட்டு அங்குல போர் வந்தால் அதே மிதிக்கு அழுத்தம் 31 சதவீதம் கூடும், பெடல் ஓட்டமும் அதே அளவு கூடும், தரையில் முட்டலாம். அதனால் அனுபவமுள்ள மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுச் செய்யுங்க. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடுபவர்களுக்கு: ஆக்ஸில், ஹவுசிங், பிராக்கெட் எல்லாம் பழசு வாங்கலாம். பிரேக் ஹோஸ், ரப்பர் கிட், வீல் சிலிண்டர் எப்பவும் புதுசுதான்.

எல்லாம் முடிஞ்சதும் நேரா மலைக்குப் போகாதீங்க. காலி மைதானத்தில் 20 வேகத்தில் பத்து தடவை நிறுத்திப் பாருங்க. அப்புறம் சின்ன இறக்கம் ஒண்ணு இறங்கி, ஓரமா நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் கல் வைச்சுட்டு, ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் ஜில்லுன்னு இருந்தால் அந்த வீல் சிலிண்டர் வேலை செய்யலை. ஒண்ணு மட்டும் அனலா இருந்தால் அந்த ஷூ உரசிக்கிட்டே வந்திருக்கு. சூடா இருக்கேன்னு தண்ணி ஊத்திடாதீங்க, வார்ப்பிரும்பு விரிசல் விடும். டீ குடிச்சு முடிக்கிற நேரம் நிக்கட்டும், தானா ஆறும்.