பனிப்புயலில் மாண்ட மாடுகளும் அரசின் இழப்பீடும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் மேற்குப் பகுதியின் பெரும்பகுதி பரந்த புல்வெளியாகும். இங்குள்ள மீட், பெர்கின்ஸ் முதலிய கவுண்டிகளில் இறைச்சி மாடு வளர்ப்பே முக்கியத் தொழில். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவாகும்.

2013 அக்டோபர் 3 முதல் 5 வரை இப்பகுதியில் கடும் பனிப்புயல் வீசியது. பனி புதிதன்று, வந்த காலம்தான் புதிது. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலங்களில் இருந்தன. குளிர்காலத்து அடர்ந்த ரோமம் வளரவில்லை. முதலில் பெய்த மழை தோல்வரை நனைத்தது. அதன்மேல் பனியும், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்றும் தாக்கின. நனைந்த மாடு உடல் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். காற்றுக்கு முதுகு காட்டி நடந்த மந்தைகள், பனி மூடிய வேலிகளைக் கடந்து ஓடைகளிலும் குட்டைகளிலும் விழுந்தன. பல்லாயிரக்கணக்கான மாடுகள் மாண்டன.

உதவி கேட்கவும் வழியில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2011 செப்டம்பர் 30உடன் காலாவதியாகியிருந்தது. போதாக்குறைக்கு, நிதி ஒதுக்கீட்டுத் தகராறினால் அக்டோபர் 1 முதல் 16 வரை மத்திய அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. கவுண்டியிலுள்ள பண்ணைச் சேவை அலுவலகமும் பூட்டியிருந்தது.

இந்நிலையில் விரிவாக்கப் பணியாளர்கள் கூறிய யோசனை ஒன்றே: புதைக்குமுன் படமெடுங்கள், காதுவில்லை எண்ணையும் சூட்டுக்குறியையும் எழுதி வையுங்கள். இல்லாத திட்டத்துக்கு எதற்குச் சான்று என்று அப்போது தோன்றியிருக்கலாம். ஆனால் 2014 பிப்ரவரி 7இல் கையெழுத்தான புதிய பண்ணைச் சட்டம் இத்திட்டத்தை மீட்டதோடு, 2011 அக்டோபர் 1 முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் பொருந்தச் செய்தது. ஏப்ரல் 15 முதல் விண்ணப்பங்கள் பெறப்பட்டன.

சராசரிச் சந்தை மதிப்பில் 75 சதவிகிதம் இழப்பீடாகும். ஆனால் வழக்கமாக ஏற்படும் இறப்புக்கு மேற்பட்டதே கணக்கில் வரும். உதாரணமாக, 200 பசுக்கள் உள்ள மந்தையில் ஆண்டுக்கு 3 இறப்பது இயல்பு எனக் கொள்வோம். புயலில் 40 மாண்டால் 37க்கே தொகை உண்டு.

இங்குதான் சிக்கல். 40 மாண்டன என்பதோடு, முன்பு 200 இருந்தன என்பதையும் காட்டவேண்டும். கன்று ஈன்ற குறிப்பேடு, தடுப்பூசி போட்ட மருத்துவரின் ரசீது, வங்கிக் கடன் பத்திரம், கொள்முதல் சீட்டு ஆகியவை இதற்கு உதவும். இறப்புக்கு நேரடிச் சான்று கிடைக்காதபோது, பண்ணையில் பங்கில்லாத ஒருவர் நேரில் அறிந்ததை எழுதித் தரும் வாக்குமூலத்துக்கும் இடமுண்டு. விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது உள்ளூர் விவசாயிகளே தேர்ந்தெடுத்த குழு. பக்கத்துப் பண்ணையின் நிலவரம் அறிந்தவர்கள் முடிவு செய்வது நல்ல ஏற்பாடே. எனினும் தாளில் இல்லாத மாட்டுக்கு அவர்களாலும் பணம் தர இயலாது.

முழு நட்டமும் இதனால் ஈடாகிவிடவில்லை. மாண்ட பசுக்களில் பல சினையாக இருந்தவை. 2014ஆம் ஆண்டு விதிகளின்படி வயிற்றிலிருந்த கன்றுக்குத் தனித் தொகை கிடையாது. அதற்குப் பதிலாக வளர்க்கும் கிடேரி முதல் கன்று ஈன ஏறக்குறைய இரண்டாண்டு ஆகும். அந்தக் கன்று வளர்ந்து சந்தைக்குப் போகும்வரை கடன் தவணை காத்திருப்பதில்லை.