சிலோன் டேசன் நம்ம ஊருக்கு வந்த கதை



எனக்கு ஊர் கிணத்துக்கடவு. சென்ற செமஸ்டர் விடுமுறையில் அப்புச்சி வீட்டு அட்டாலியில் கிடந்த பழைய வால்வு ரேடியோவை இறக்கித் துடைத்துக் கொண்டிருந்தேன். அப்புச்சி பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இதுல சிலோன் டேசன் எடுக்குமா?" என்றார்.

"கடல் தாண்டி இருக்கிற டேசன் எதுக்குங்க அப்புச்சி? நம்ம நாட்டு டேசன் இல்லீங்களா?"

"இருந்துச்சு. ஆனா அங்கதான் கண்ணு பாட்டுப் போட்டாங்க!"

அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போருக்கு வந்த கருவி

இலங்கையில் 1925-லேயே வானொலி தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியப் படையினருக்காக 'ரேடியோ சியாக்' என்ற நிலையம் அங்கு நடந்தது. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏகலையில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் நிறுவப்பட்டது. ஆனால் அது வேலை செய்யத் தொடங்கியபோது போரே முடிந்துவிட்டது! பின்னர் அந்த நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக சேவை ஆரம்பமானது. படைவீரனுக்கு வந்த கருவி பாமரனுக்குப் பாட்டுப் பாடியது.

கதவை அடைத்தவர் யார்?

1952-ல் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். மக்கள் சாஸ்திரிய சங்கீதம் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் அதற்காக அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. படத் தயாரிப்பாளர்களோடு தகராறும் சேர்ந்துகொள்ள, பாட்டு ஏறக்குறைய நின்றே போனது.

நேயர்கள் சங்கீதம் கேட்க உட்கார்ந்தார்களா? இல்லை. முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்தார்கள்! இந்திய விளம்பரப் பணமும் கூடவே கடல் தாண்டிப் போனது. பம்பாயில் பதிவான 'பினாகா கீத்மாலா' கொழும்பிலிருந்து ஒலித்து இந்தியா முழுவதும் கேட்டது. தமிழிலே எஸ்.பி. மயில்வாகனனும், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்றோரும் நம் வீட்டு ஆட்கள் போலவே ஆனார்கள்.

தவறை உணர்ந்து 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி தொடங்கப்பட்டது. அதில் விளம்பரம் வர 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எப்படி எட்டியது?

கொழும்புக்கும் நமக்கும் இடையே 500 கி.மீ.க்கு மேல் தூரம். நாம் கம்யூனிகேஷன் பாடத்தில் படிப்பதுதான் இதற்கு விடை. சிற்றலை மேலே போய், அயனி மண்டலத்தில் வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. 41 மீட்டர் அலைவரிசை என்றால் 300-ஐ 41-ஆல் வகுங்கள், சுமார் 7.3 மெகாஹெர்ட்ஸ். இப்படி வருவதால்தான் ஒலி ஏறி இறங்கிக் கேட்கும். எப்.எம். அப்படியல்ல. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பொதுவாக அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஏறக்குறைய பார்வை எட்டும் தூரம்தான் அவற்றுக்கு எல்லை. ஆகவே எப்.எம். ஊருக்கு ஊர் வேண்டும். 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் எப்.எம். வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோவைக்கும் வந்தது.

நமக்கு என்ன பாடம்?

அகில இந்திய வானொலியிடம் டிரான்ஸ்மிட்டர் இல்லையா? இன்ஜினியர்கள் இல்லையா? எல்லாம் இருந்தும் நேயர் போய்விட்டார். ஏகலையில் இருந்தவர்கள் அவர் விரும்பியதைக் கொடுத்தார்கள். கரகரப்பையும் பொறுத்துக்கொண்டு கேட்டார். நாளைக்கு நாம் பம்ப்செட் செய்தாலும், தறிக்கு உதிரி பாகம் செய்தாலும், இதேதான். உபயோகிப்பவருக்கு என்ன தேவை என்று அவரிடமே கேட்காமல் நாமே முடிவு செய்தால், அவர் முள்ளைத் திருப்பிவிடுவார்.

கண்டன்சர் இரண்டை மாற்றியதும் அப்புச்சியின் ரேடியோ உயிர் பெற்றது. அவர் முள்ளை மெல்லத் திருப்பிப் பழைய இடத்தில் நிறுத்தினார். வெறும் இரைச்சல்தான் வந்தது. "பரவால்ல கண்ணு, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.