சலவை இயந்திரமும் தோல் டிரம்மும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

ஆடை வெளுத்தல் மனிதன் செய்துவரும் வேலைகளுள் மிகப் பழையது. அதற்கென்று இயந்திரம் கண்டதோ அண்மைக் காலத்தில்தான். செருமனியின் ரெகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த யாக்கோப் கிறிஸ்டியான் ஷேஃபர் என்னும் அறிஞர் 1767ஆம் ஆண்டில் ஒரு சலவைப் பொறியின் அமைப்பை விளக்கி நூல் வெளியிட்டார். 1782இல் இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் என்பவர் கைப்பிடியால் சுழற்றும் மரக் கூண்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கைப்பிடியின் இடத்தில் மின்மோட்டார் வந்து அமர்ந்தது. வரலாறு இவ்வளவுதான், இதற்கு மேல் நான் சொல்ல வந்தது வேறு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து வரும் நண்பர்களுக்குச் சுழலும் மரக் கூண்டு புதிதன்று. தோல் ஷாப்பின் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். ஆள் உயரத்துக்கும் மேலான மர டிரம், படுக்கைவாட்டில் இரு தாங்கிகளின் மேல் கிடக்கும். உட்புறச் சுவரில் வரிசையாக மர முளைகள். தோல்களையும் பதனீட்டு நீரையும் உள்ளே விட்டுக் கதவை அடைத்துச் சுழற்றினால், முளைகள் தோலை மேலே தூக்கிச் செல்லும். ஓர் உயரத்தில் தோல் நழுவித் தொப்பென்று விழும். இந்தத் தூக்கலும் விழலும்தான் மருந்தைத் தோலின் உள்ளே செலுத்துகின்றன. முன்புறக் கதவுள்ள சலவை இயந்திரம் துணிக்குச் செய்வதும் இதையே.

நம் பகுதியில் முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு குழிகளில் பதனிட்டார்கள். சென்னையில் 1903ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கினார். பின்னர் 1970களில், பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அயல்நாட்டுக்கு அனுப்ப அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்ப வேண்டிய நிலை வந்ததும், குரோமும் அதனுடன் டிரம்மும் இங்கே பெருகின.

டிரம் ஏன் மெதுவாகச் சுழல்கிறது என்று பலர் கேட்பதுண்டு. விடை நம் முதலாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது. உச்சியில் இருக்கும் பொருளுக்கு வட்டத்தில் செல்லத் தேவையான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைவிடக் குறைவாக இருக்கும்வரைதான் அது கீழே விழும். இரண்டும் சமமாகிவிட்டால் பொருள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், பதனீடு நடவாது. கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் 9.8 வர வேண்டும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள டிரம்முக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 சுற்று என்று கிடைக்கும். ஆகவே பதனிடும்போது அதை 8 முதல் 12 சுற்றுக்குள் ஓட்டுகிறார்கள். அரை மீட்டர் விட்டமுள்ள வீட்டு இயந்திரத்துக்கு அதே கணக்கு 60 சுற்றைத் தரும். அது 50 சுற்றளவில் துவைக்கிறது. இரண்டரை மீட்டருக்கும் அரை மீட்டருக்கும் ஒரே விதி என்பதை எழுதிப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இனி என் கதைக்கு வருகிறேன். எனது தந்தையார் தோல் ஷாப்பில் சுண்ணாம்புப் பகுதியில் வேலை செய்கிறார். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீர் பயன்படுகிறது. அந்த நீர் ஊறிய உடைகளை அம்மா இருபது ஆண்டுகளாகக் கையால் துவைத்து வந்தார். விரல் இடுக்குகளில் வெடிப்பு விழுந்து, புளி கரைக்கவும் முடியாமற் போயிற்று. இந்தத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். கை வைக்காமல் எப்படித் துவைப்பது என்பதை அவர் சொல்லவில்லை. ரப்பர் உறை வாங்கிக் கொடுத்தோம். உறையோடு துணியைக் கசக்கிப் பிழிய அவருக்கு வரவில்லை. புதிய இயந்திரத்தின் விலை எங்களுக்கு எட்டாதது. காயலான் கடையில் 600 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. இரட்டைத் தொட்டி இயந்திரம்; முதுகிலிருந்த தகட்டில் 1991 என்று பொறித்திருந்தது. என்னைவிட மூத்தது.

இரட்டைத் தொட்டியில் ஒரு பக்கம் துவைக்கும். மறு பக்கம் பிழியும். துவைக்கும் தொட்டி சுழலாது. அதன் அடியில் உள்ள தட்டு மட்டும் வலமாகவும் இடமாகவும் மாறி மாறிச் சுழன்று நீரைக் கலக்கும். இதற்கும் தோல் ஷாப்பில் ஓர் உறவு உண்டு. தொட்டி அசையாமல் நிற்க, மேலே துடுப்புச் சக்கரம் சுழன்று நீரையும் தோலையும் தள்ளும் 'பேடில்' என்பதே அது. இதை எனக்குச் சுட்டிக் காட்டியவர் எங்கள் தெருவில் வசிக்கும் பாய். தோல் ஷாப் ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "இது டிரம்மு இல்லம்மா, இது பேடிலு. டிரம்மா நெனச்சிப் பிரிச்சா கொழம்பிடுவே" என்றார். எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மின் இணைப்புக் கொடுத்ததும் மோட்டார் உறுமியது; சுழலவில்லை. வாரைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டியபோதும் அப்படியே. கையால் கப்பியைச் சற்றுத் தள்ளினால் தள்ளிய திசையில் ஓடிற்று. (இதைச் செய்து பார்க்க விரும்புவோர் மரக்குச்சியால் தள்ளுக, விரலால் வேண்டா.) இந்த ஒரு சோதனை நோயைக் காட்டிவிடுகிறது. ஒரே சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலம் இங்குமங்கும் துடிக்குமேயன்றிச் சுழலாது. அத்துடிப்பை எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சமமான புலங்களாகக் கொள்ளலாம். நிற்கும் மோட்டாரை இரண்டும் சம வலிமையோடு இழுப்பதால் அது நின்ற இடத்தில் உறுமுகிறது. இரண்டாம் சுருளுக்கு ஒரு மின்தேக்கியின் வழியாக மின்சாரத்தை அனுப்பினால் அந்த மின்னோட்டம் கட்டத்தில் முந்தும். புலம் சுழலத் தொடங்கும். ஆகவே குற்றம் மின்தேக்கியில் இருக்க வேண்டும். பாய் இதையே, "உறுமுது, சுத்தல. கண்டென்சர்தாம்மா" என்று முடித்தார்.

மின்தேக்கியைத் தொடுமுன் அதன் இரு முனைகளையும் ஒரு மின்தடையின் வழியாக இணைத்து இறக்கிவிட வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது ஆளைத் தூக்கியடிக்கும் ஆற்றல் உடையது. அதன் மேல் 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. ஆய்வகத்து அளவி 3 என்று காட்டியது. சுருள்களைச் சோதித்தேன். பொது முனையிலிருந்து இரு பக்கமும் 45 ஓம் அளவில் சமமாகவும், இரு கடைமுனைகளுக்கு இடையே 90 ஓமாகவும் இருந்தன. மின்விசிறியில் இரு சுருள்களும் பெரும்பாலும் சமமாக இரா. இங்கே சமமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. டைமர் ஒரு முறை முதற் சுருளை நேராகவும் இரண்டாவதை மின்தேக்கி வழியாகவும் இணைக்கும்; அடுத்த முறை அதை மாற்றும். உடனே சுழலும் திசையும் மாறிவிடும். சிறிய கப்பியின் விட்டம் 5 செ.மீ., பெரியதன் விட்டம் 15 செ.மீ. ஆதலால் மோட்டாரின் 1,400 சுற்று, தட்டில் மூன்றில் ஒரு பங்காகிறது. வைண்டிங் கடையில் மெகர் வைத்துக் காப்புத்தடையையும் பார்த்த பின்னரே புதிய மின்தேக்கியைப் பொருத்தினோம். ஈரத் தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு மூன்றாம் கம்பி, அதாவது நில இணைப்பு, இருந்தே தீர வேண்டும். வாங்கியபோது அந்தக் கம்பியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

மோட்டார் ஓடிற்று, தட்டு அசையவில்லை. இதுதான் கடினமான பகுதி. தட்டின் அடியிலும் தண்டைச் சுற்றியும் வெள்ளைப் பாறை போல் உப்பு படிந்திருந்தது. எங்கள் வீட்டில் குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர். துவைக்கப் போர் தண்ணீர். அந்தப் போர் தண்ணீரில் இருவகைத் தொல்லைகள் உண்டு. முதலாவது கடினத்தன்மை. கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து நுரைக்கு மாறாகத் திரியைத் தரும். வெப்பத்திலும் காற்றிலும் சுண்ணாம்புக் காரையாகப் படியும். இரண்டாவது வெறும் கறியுப்பு. நம் ஆற்றுப் பகுதியில் இதற்குத் தனி வரலாறு இருக்கிறது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் மேல் உப்பை வாரித் தூவுகிறார்கள். முதல் ஊறலிலேயே அவ்வுப்பு நீரில் கரைந்து வெளியேறுகிறது. பல பத்தாண்டுகள் அந்நீர் பாலாற்று மணலுக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றது. 2025 சனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. கழிவிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்களைக் கொண்டு நீக்கிவிடலாம். கரைந்த உப்பை அவ்வாறு நீக்க இயலாது. சவ்வின் வழியே அழுத்திப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி உலர்த்த வேண்டும். செலவு மிகுந்த வேலை அது.

வழக்கு மன்றத்தில் பேசப்படும் அந்த உப்பைத்தான் நான் திருப்புளியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக் காரைக்கு மருந்து எளிது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு நூறு கிராமை ஒரு வாளி வெந்நீரில் கரைத்து ஊற்றினோம். கரியமில வாயு பொங்கி, இரவோடு இரவாகக் காரை இளகிற்று. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதைத் துணியில்லாத வெறும் தொட்டியில் செய்து, நன்றாக அலசிவிட வேண்டும். சல்பைடு ஊறிய உடை உள்ளே இருக்கும்போது அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். தோல் ஷாப்புகளின் கழிவுத் தொட்டிகளில் ஆள்களை மயக்கி வீழ்த்துவது அதுவே.

காரை கரைந்ததும் கறியுப்பின் வேலை கண்ணுக்குத் தெரிந்தது. துருப்பிடிக்கா எஃகு என்று பெயர் பெற்ற தண்டில் குண்டூசி முனையளவுக் குழிகள். எஃகின் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலத்தைக் குளோரைடு அங்கங்கே துளைத்துவிடும். ரப்பர் சீலின் உதடு பதியும் இடத்திலேயே குழிகள் இருந்தமையால் புது சீல் போட்டாலும் நீர் கசியும். புதிய தண்டு கடையில் கிடைக்கவில்லை. பாய் தண்டை நுண்ணிய உப்புத்தாளால் மெருகிட்டார். பிறகு சீலின் அடியில் ஒரு மெல்லிய வாஷரை வைத்து, அதை இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏற்றினார். உதடு இப்போது தண்டின் தேயாத பகுதியில் பதிந்தது. டிரம்மின் அச்சுகளில் அவர் பல முறை செய்த வேலையாம். நான்கு மணி நேரம் நீர் நிரப்பி வைத்தோம்; ஒரு சொட்டும் கீழே விழவில்லை.

எஞ்சியது பிழியும் பக்கத்துத் தடை. மூடியைத் திறந்ததும் கூடையை நிறுத்த வேண்டிய தடைக்கட்டை தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது. தோலை ஒட்டலாம் என்றார் பாய். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? எந்தத் தோல் என்பதில்தான் எங்களுக்குள் வாதம். பட்டையில் பதனிட்ட தோல் 80 பாகை அளவிலேயே சுருங்கிவிடும். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். தடை சூடாகுமாதலால் குரோம் தோலே வேண்டும் என்றேன். "மெத்துனு இருக்கும்மா, பிடிக்காது. செருப்பு அடித்தோலுதான் சரி" என்றார் அவர். கணக்கிட்டுப் பார்த்தேன். கூடையும் ஈரத் துணியுமாக 4 கிலோ, ஆரம் சுமார் 10 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 1,400 சுற்று. அதன் சுழற்சி ஆற்றல் 430 ஜூல் வருகிறது. நூறு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்கவே அது போதும். தோல் சுருங்கும் பேச்சுக்கே இடமில்லை. அடித்தோலையே ஒட்டினோம். அதே வேகத்தில் கூடையின் ஓரத்திலுள்ள துணி புவியீர்ப்பைப்போல் இருநூறு மடங்குக்கும் மேலான முடுக்கத்தில் இருக்கிறது. அவ்வளவும் சில நொடிகளில் நின்றுவிடுகிறது.

இப்போது தந்தையாரின் உடைகள் தனியே, சலவைச் சோடா கலந்த நீரில் முதலில் ஒரு முறை ஓடுகின்றன. சோடா கடினத்தன்மையை வீழ்படிவாக்கிவிடும். கறியுப்பை ஒன்றும் செய்யாது. ஆகவே வேலை முடிந்ததும் ஒரு குடம் குடிநீரால் தொட்டியையும் தண்டையும் அலசி, மூடியைத் திறந்தே வைக்கிறோம். அம்மாவின் விரல் வெடிப்புகள் இரண்டு மாதத்தில் மூடிக்கொண்டன. டைமரின் சுருள்வில் மட்டும் தளர்ந்திருக்கிறது. பதினைந்து நிமிடத்துக்குத் திருகினால் பதினொன்றில் நின்றுவிடுகிறது. பருவத் தேர்வு முடிந்ததும் அதையும் பிரித்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே என்று அம்மா தடுக்கிறார். நான்கு நிமிடத்துக்கு அவரே மறுபடி ஒரு முறை திருகிக்கொள்கிறார்.