சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதாதா?

கேள்வி: என் மகன் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் போகிறான். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 15,350 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரம்தானே ஆக வேண்டும்? பதினெட்டரை மணி நேரம் என்கிறான் மகன். டிக்கெட்டிலோ நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி அன்று காலை ஆறரைக்கே இறங்குவதாக இருக்கிறது. எது சரி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மூன்றும் சரிதான். மூன்றும் வெவ்வேறு கணக்குகள்.

நீங்கள் பார்த்த 15,350 கி.மீ., பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம். உலக உருண்டை ஒன்றில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் நூலால் இணைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக ஏறி, வட துருவத்தை ஒட்டிப் போய், கனடா வழியாக இறங்கும்.

விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்றோட்டம் உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். பின்காற்று கிடைத்தால் தரைக்கணக்கில் அது கூடும், எதிர்காற்றில் குறையும். அதனால் நியூயார்க் போகும்போது பசிபிக் கடல் வழியாகவும், திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் பறப்பது வழக்கம். போவதும் கிழக்கே, வருவதும் கிழக்கே. போய்வந்தால் உலகையே ஒரு சுற்று சுற்றியாகிவிடும்! தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். எந்தப் பாதை என்பதை அன்றன்றைய காற்றைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

இன்னொன்று, டிக்கெட் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, இறங்குவது, கடைசியில் வாயிலுக்கு வந்து நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். பதினேழு பதினெட்டரை ஆவது இப்படித்தான்.

அடுத்தது அந்த ஆறரை மணி. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே போடுவார்கள். நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்கு கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்னால் இருக்கும். நள்ளிரவிலிருந்து பதினெட்டரை மணி நேரம் கழித்து சிங்கப்பூரில் மாலை ஆறரை. அதில் 12 கழித்தால் நியூயார்க்கில் காலை ஆறரை.

உங்களுக்கு வேண்டியது இந்திய நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், மகன் கிளம்பும்போது இங்கே முந்தைய நாள் இரவு ஒன்பதரை. மறுநாள் மாலை நான்கு மணிவாக்கில் இறங்குவார். குடியுரிமைச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் முடிய வேண்டுமே, ஐந்தரைக்கு மேல் போன் செய்யுங்கள்.