கேப்பலின் என்னும் சிறு மீன்

வட அட்லாண்டிக், ஆர்க்டிக் சமுத்திரங்களின் குளிர்ந்த நீரில் கேப்பலின் என்றொரு மீன் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. நீளம் பெரும்பாலும் 20 சென்டிமீட்டருக்கு மேற்படாது. முதுகு பசுமை கலந்த நிறம். விலாப்புறம் வெள்ளிபோல் மின்னும். நீரில் மிதந்து திரியும் கூனி போன்ற சிற்றுயிர்களே இதன் ஆகாரம்.

இது முட்டையிடும் விதம் விந்தையானது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில், ஜூன், ஜூலை மாதங்களில், இம்மீன்கள் அலைகளோடு அலைகளாய்க் கரையேறிக் கூழாங்கற்களிடையே முட்டையிடுகின்றன. அக்காலத்தில் ஆண் மீனின் இரு பக்கங்களிலும் செதில்கள் நீண்டு, வரிசையாகத் தடித்து நிற்கும். முட்டைகள் கற்களில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஆண் மீன்களில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன.

இத்தனை சிறிய மீனைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும்? காட் மீன், சீல், திமிங்கிலம், கடற்பறவை யாவும் இதை உண்டு வாழ்கின்றன. 1980களின் நடுவில், நார்வேக்கு வடக்கேயுள்ள பேரண்ட்ஸ் கடலில் இம்மீன் வெகுவாகக் குறைந்தது. இளம் ஹெர்ரிங் மீன்கள் இதன் குஞ்சுகளைத் தின்றன. மனிதர் பிடித்ததும் சேர்ந்துகொண்டது. விளைவு என்ன? காட் மீன் தன் இனத்துக் குஞ்சுகளையே தின்றது. சீல்கள் இரை தேடி நார்வேக் கரைக்கு வந்தன. கடற்பறவைகள் பட்டினியால் மாண்டன. 1986இல் நிறுத்தப்பட்ட மீன்பிடிப்பு 1991இல்தான் மீண்டும் தொடங்கியது.

ஜப்பானிய உணவகங்களில் ‘ஷிஷாமோ’ என்று சினையோடு பரிமாறப்படுவது பெரும்பாலும் இம்மீனே. அதாவது, முட்டையிடுமுன் பிடிபட்டது. அச்சினையை ருசித்து உண்ணும் நாம், அதை நம்பிக் கடலில் எத்தனை வயிறுகள் காத்திருக்கின்றன என்பதையும் சிறிது எண்ணிப் பார்ப்போமாக.