பேடு மட்டும் மாற்றினால் போதுமா?

டிஸ்க் பிரேக் உள்ள வண்டி வைத்திருப்பவரிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்டால், "போன சர்வீஸில்தான் பேடு மாற்றினோம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பேடைத் தாங்கி, டிஸ்க்கின் மேல் அழுத்தி, மறுபடி விடுவிக்கிற காலிப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. புதுப் பேடு சீக்கிரம் தேய்வது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பது போன்ற தொல்லைகளில் பல, காலிப்பருக்குள் இருக்கும் சில கிராம் கிரீஸ் காய்ந்து போனதால் வருபவை.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன் சக்கரத்திலும், டிஸ்க் பிரேக் உள்ள பல பைக்குகளிலும் இருப்பது நகரும் வகைக் காலிப்பர். அதில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையால் காலிப்பர் மொத்தமும் உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் டிஸ்க்கோடு சேர்க்கும். இந்த நகர்வு முழுவதையும் தாங்குபவை இரண்டு ஸ்லைடு பின்கள். விரலைவிட மெல்லிய உருக்குத் தண்டுகள், அவற்றின் வாயில் ரப்பர் பூட், உள்ளே கொஞ்சம் கிரீஸ். இவ்வளவுதான் அமைப்பு.

நம்பிக்கை: காலிப்பருக்குத் தனியாகப் பராமரிப்பு கிடையாது. பேடு தேய்ந்தால் மாற்றினால் போதும்.

இதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர், அதனால் இங்கே சற்று நிற்க வேண்டும். பெடலை விட்டதும் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல். பிரேக் பிடிக்கும்போது அது சற்றே வளையும். விட்டதும் பழைய வடிவத்துக்கு வரும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். பேடுக்கும் டிஸ்க்குக்கும் கிடைக்கும் இடைவெளியும் அவ்வளவே. ஸ்லைடு பின்னில் கொஞ்சம் துரு ஏறினாலும் இந்த நுண்ணிய இடைவெளி போய்விடும். பேடு டிஸ்க்கை உரசியபடியே ஓடும், மைலேஜ் குறையும், சக்கரம் சூடாகும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கழற்றிய பழைய பேடுகளைப் பார்த்தாலே தெரியும். ஒரே சக்கரத்தின் உள்பேடும் வெளிப்பேடும் ஏறக்குறைய ஒரே தடிமனில் தேய்ந்திருந்தால் காலிப்பர் ஒழுங்காக நகர்கிறது. உள்பேடு காகிதமாகி, வெளிப்பேடு பாதிகூடத் தேயாமல் இருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் திரும்பாமல் இருக்கலாம். வெளிப்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், உள்ளே நகர்ந்த காலிப்பர் திரும்பி வரவில்லை. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்லைடு பின்களைத்தான். ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் சாய்வாகத் தேய்ந்திருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் ஜாம் ஆகியிருக்கக்கூடும். பேடின் காது தன் இருக்கையில் சிக்கியிருந்தாலும் இப்படி நேரும். இத்தனை செய்தி சொல்லும் பழைய பேடுகளை நாம் பார்க்கக்கூட இல்லாமல் குப்பைக்கு அனுப்பிவிடுகிறோம்.

நம்பிக்கை: கிரீஸ் எதுவானாலும் கிரீஸ்தான்.

வொர்க்‌ஷாப்பில் கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். அதில் இருப்பது வீல் பேரிங்குக்கும் சேஸிஸுக்கும் போடும் பெட்ரோலியக் கிரீஸ். அதை ஸ்லைடு பின்னில் தடவினால் அன்றைக்கு எல்லாம் வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிரேக்கின் பூட்டும் சீலும் பெரும்பாலும் பிரேக் ஆயிலைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட ரப்பர் வகை. அந்த ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது. சில வாரங்களில் ரப்பர் ஊறி உப்பிவிடும். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் சின்ன ரப்பர் புஷ் இருக்கும். அதுவும் உப்பினால், கிரீஸ் போடுவதற்கு முன் இருந்ததைவிட மோசமாகக் காலிப்பர் இறுகிவிடும். கூடவே சாதாரணக் கிரீஸ் பிரேக்கின் சூட்டில் உருகி ஓடும். ஓடி எங்கே போகும்? பேடுக்குத்தான்.

பின்களுக்கு ஏற்றது, பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிக்கான் அல்லது சிந்தெடிக் கிரீஸ். 200 டிகிரிக்கு மேலும் சூடு தாங்கும், ரப்பரைக் கெடுக்காது. பேடின் காதுகள் உலோகத்தோடு உரசும் இடங்களுக்கும் பேடின் முதுகுக்கும் செராமிக் போன்ற அதிகச் சூடு தாங்கும் பேஸ்ட் தனியாக உண்டு. அதை மெல்லிய பூச்சாகப் போடலாம், ரப்பர் இருக்கும் இடத்தில் கூடாது. இதற்கு விதிவிலக்கும் இருக்கிறது. பிஎம்டபிள்யூ போன்ற சில கார்களில் ஸ்லைடு பின்கள் ரப்பர் புஷ்ஷுக்குள் கிரீஸ் இல்லாமலே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றைத் துடைத்துச் சுத்தமாக்கி அப்படியே மாட்ட வேண்டும். எதிரெதிரே இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பர்களில் ஸ்லைடு பின்னே கிடையாது. ஆகவே கிரீஸை எடுப்பதற்கு முன் உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

தாராளமாகப் போட்டால் நல்லது என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டே வரும். ஸ்லைடு பின் போய் உட்காரும் துளைக்கு மறுபக்கம் வாய் கிடையாது. அதை கிரீஸால் நிரப்பிவிட்டுப் பின்னைத் திணித்தால், உள்ளே சிக்கிய காற்றும் கிரீஸும் பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுத்து, சொரசொரப்பான துருவை நீக்கி, பின்னின் மேல் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். துரு தின்று குழி விழுந்த பின்னையும் கிழிந்த பூட்டையும் மாற்றிவிடுவதே முறை. மேல் பின்னும் கீழ் பின்னும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சில வண்டிகளில் வேறுவேறு, எனவே இடம் மாற்றக் கூடாது.

நம்பிக்கை: பின் இறுகினால் ஸ்பிரே அடித்தால் சரியாகிவிடும்.

துரு இளக்கும் ஸ்பிரேக்களில் இருப்பதும் பெட்ரோலிய எண்ணெய்தான். அதன் வழுவழுப்பு சில நாளில் போய்விடும், ரப்பர் கெட்டது மட்டும் மிஞ்சும். தெறித்து டிஸ்க்கிலோ பேடிலோ பட்டுவிட்டால் அடுத்த முறை மிதிக்கும்போது பிரேக் பிடிக்காது. சுத்தம் செய்ய பிரேக் கிளீனர் என்றே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். அது மூச்சில் போகக் கூடாத தூசி.

நம்பிக்கை: சத்தம் வரவில்லை என்றால் பேடு நன்றாக இருக்கிறது.

பேடு தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும்படி ஒரு சின்னத் தகட்டைப் பல பேடுகளில் வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் அது உள்பேடில் மட்டும்தான் இருக்கும். ஸ்லைடு பின் இறுகி வெளிப்பேடு முதலில் தேய்ந்தால் எச்சரிக்கைச் சத்தமே வராது. இரும்பு இரும்பை அறுக்கும்போதுதான் தெரியும். அதற்குள் டிஸ்க்கும் போயிருக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேடையும் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுவது நல்லது.

நம்பிக்கை: பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொண்டால் போதும்.

பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் ஆயில் இறங்கும். அது இயல்பு. ஆனால் சட்டென்று இறங்கினால் கசிவு என்று அர்த்தம். குறையக் குறைய ஊற்றி நிரப்பியிருந்தால், புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயிண்டை அரித்துவிடும். இன்னொரு முக்கியமான விஷயம், இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். உரசிக்கொண்டே ஓடும் பேடும் ஈரம் ஏறிய ஆயிலும் சேர்ந்த ஒரு கார், 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும், மலை இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிப்பதும் இதனால்தான் அவசியம்.

இந்த வேலையை வீட்டில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கை பழகியவர் செய்யலாம். ஆனால் வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்த பின் சக்கரக் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும், அழுத்தித் தள்ளினால் உடைந்துவிடும். எல்லாம் மாட்டியதும் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பார்க்காமல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள். இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

என் கணக்கு, வருடம் ஒருமுறை பின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலை என உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. 2015-லும் 2023-லும் சென்னையில் நடந்ததுபோல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால், எஞ்சினைப் பார்க்கும்போதே நான்கு சக்கரத்தின் பிரேக்கையும் திறந்து பார்க்க வேண்டும். கிழிந்த பூட் வழியே புகுந்த தண்ணீர் தானாக வெளியே வராது.

அடுத்த முறை பேடு மாற்றக் கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ஸ்லைடு பின்களைக் கழற்றித் துடைத்து பிரேக் கிரீஸ் வையுங்கள், பூட் கிழிந்திருந்தால் சொல்லுங்கள், கழற்றிய பழைய பேடுகளை என் கையில் கொடுங்கள்.